சிங்காநல்லூரில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்குகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், கோவை பஸ்கள் நிற்கும் பக்கம் போய் நின்றால், தென் மாவட்டத்தின் உழைப்பு எங்கே போகிறது என்பது கண்ணெதிரே தெரியும். உசிலம்பட்டி, சோழவந்தான், வாடிப்பட்டி, செக்கானூரணி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்த பையன்கள் தோளில் ஒரு பையும் கையில் ஒரு கட்டைப்பையுமாக நிற்பார்கள். கட்டைப்பைக்குள் இட்லிப்பொடி டப்பா, வீட்டில் இடித்த மிளகாய்ப்பொடி, நாளை ஒரு வேளைக்காவது ஆகட்டும் என்று அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். "சிங்காநல்லூர், சிங்காநல்லூர்" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் ஏறுவார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸே தூங்கிக்கொண்டிருக்கும். தாராபுரம், பல்லடம் கடந்து, விடிவதற்குள் சிங்காநல்லூர். குழாயடியில் முகம் கழுவிவிட்டு நேராகப் பட்டறைக்கோ மில்லுக்கோ போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கியதும் இதே ஆட்கள் சிங்காநல்லூரில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக நானும் இந்த பஸ்ஸில் போய்வருகிறேன். பிறந்தது மதுரை முனிச்சாலை, குடியிருப்பது கோவை கணபதி.

மதுரையா, கோவையா, வாழ்வதற்கு எது நல்ல ஊர் என்ற வழக்கு இரண்டு ஊர் டீக்கடைகளிலும் தீராமல் நடந்துகொண்டிருக்கிறது. மதுரைக்காரர்கள் மீனாட்சியம்மனையும் மல்லிகையையும் முன்னால் வைப்பார்கள். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரையும் மரியாதையான பேச்சையும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். ஆனால், இந்த வழக்கில் வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரில் சொந்த வீடு உள்ளவர்கள். ஆரப்பாளையத்தில் கட்டைப்பையோடு நிற்கும் பையனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. அவனைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான்: பிழைக்கக் கோவை, இருக்க மதுரை.

அவன் சொல்வதை இத்தனை ஆண்டு யோசித்துப் பார்த்து, அதை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். கையில் ஒரு தொழில் இருப்பவரைத் தாங்கிக்கொள்ளும் ஊர் கோவை. கையில் காசில்லாதவரைத் தாங்கிக்கொள்ளும் ஊர் மதுரை. ஒரு மனிதருக்கு வாழ்நாளில் இரண்டும் தேவைப்படுகிறது. இரண்டையும் ஒரே ஊரில் பெற முடியாமல், 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையின் இரண்டு முனைகளில் ஒரே வாழ்க்கையைப் பிய்த்து வைத்திருக்கிறோம். இது தலையெழுத்து என்று நான் நம்பவில்லை.

முதலில் மதுரை. அதிகாலை மூன்றரை மணிக்கு ஆரப்பாளையத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்கூட இல்லை. பயப்பட வேண்டியதில்லை. சிம்மக்கல் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு முக்கில் இட்லிச்சட்டியில் ஆவி பறந்துகொண்டிருக்கும். ஓர் அம்மா துணியை உதறி இட்லியைத் தட்டில் கவிழ்ப்பார். இரண்டு இட்லி கேட்டாலும் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு வைக்கிற அதே மூன்று சட்னி, அதே சாம்பார். "இன்னும் ரெண்டு வைக்கவாண்ணே?" என்று கேட்பாரே தவிர, வேண்டாம் என்றால் முகம் மாறாது. பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவர் மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்க வந்தவராக இருப்பார். அவருக்கு அடுத்து நிற்பவர் ரெண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு ஊர் திரும்ப பஸ் இல்லாமல் சுற்றுகிறவராக இருக்கலாம். யாரும் யாரையும் "இந்நேரத்துக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்பதில்லை. தூங்கா நகரம் என்ற பெயரைச் சுற்றுலா விளம்பரத்தில் போட்டுப் போட்டு நாம் அதன் அர்த்தத்தைத் தேய்த்துவிட்டோம். ராத்திரியில் தெருவில் நிற்பவர் குற்றவாளி என்று நினைக்காத ஊர் என்பதுதான் அதன் பொருள்.

இந்த ஊர் கட்டப்பட்டிருக்கும் விதமும் இதற்குக் காரணம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. 1840களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இடித்த இடத்தில் தெருக்கள் எழும்பின. அந்த வேலையில் இருந்த மாரட்டின் பெயரிலும் பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. மாசி வீதிக்குள் இருக்கும் மதுரையை ஒருவர் கால்நடையாகவே ஆண்டுவிடலாம். வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரம், வளையல்காரத் தெருவில் வளையல் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தெரு. கதவு அகலம் மட்டுமே உள்ள கடையில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிழைக்கிறது. திண்ணைக்கு வாடகை கிடையாது. வண்டி இல்லாதவர், கடை வைக்கக் காசில்லாதவர், ஒரு கூடைப் பூவை மட்டும் முதலாக வைத்திருப்பவர் எல்லோருக்கும் அந்தத் தெருக்களில் நிற்க ஓர் அடி இடம் கிடைக்கிறது.

சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் வழியெங்கும் மண்டகப்படி. நீர்மோர்ப் பந்தல், பானகம், புளியோதரைப் பொட்டலம். அந்த நாட்களில் சட்டைப்பையில் கைவிடாமலே ஒருவர் மதுரையில் இருந்துவிட முடியும். லட்சக்கணக்கான பேருக்கு இது நடக்கிறது. எந்த அலுவலகமும் இதற்கு டோக்கன் கொடுப்பதில்லை.

இதே குணம்தான் மருத்துவமாகவும் வெளிப்பட்டது என்பேன். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அதே டாக்டர்கள் அறுவை செய்யட்டும் என்ற ஏற்பாடு அது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று, 1992இல் மதுரையிலேயே அதற்கு ஓர் உற்பத்திச்சாலையையும் உருவாக்கினார்கள். இன்றைக்கு அந்த லென்ஸ் எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது. மதுரையில் உற்பத்தி நடக்காது, இது கோயில் ஊர் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி கோவை. இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குளிர்ந்த காற்றிலிருந்து தொடங்குவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்று உண்மையிலேயே ஒரு வரம்தான். மதுரையில் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், நான் கோவையைக் காற்றுக்காக மதிக்கவில்லை.

ஆவாரம்பாளையத்தில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட பட்டறை. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். கூலன்ட் எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. காலுக்கடியில் சுருள் சுருளாக இரும்புப் பிசிறு. செக்கானூரணியிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒரு ஷாஃப்டைக் கடைந்து முடித்து வெர்னியரில் அளந்து வைக்கிறான். முதலாளி அதை எடுத்து விரலால் தடவிப் பார்க்கிறார். "வெர்னியரையே நம்பாதீங்க தம்பி. மைக்ரோமீட்டர்ல ஒருக்கா பாத்துக்குங்க" என்கிறார். பையன் அளந்தான். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. திட்டு விழும் என்று அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். முதலாளி மெஷினுக்குப் போய்த் தானே ஒரு கட் எடுத்துக் காட்டிவிட்டு, "இப்படி மெதுவா வுடுங்க, சரியா வந்துரும்" என்று நகர்ந்துவிட்டார்.

பத்தொன்பது வயதுப் பையனுக்கு "வுடுங்க". ஊரில் அவனை இதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. கொங்குத் தமிழின் அந்த "ங்க" வெறும் நாக்குப் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். தினமும் எட்டு மணி நேரம் "ங்க" கேட்டு வேலை செய்கிற ஒருவன் ஐந்து வருடத்தில் வேறு ஆளாகிவிடுகிறான். நிமிர்ந்து பேசுகிறான். ஆறாவது வருடம் ஒரு பழைய லேத்தைத் தவணையில் எடுத்துத் தனியாகப் போட முடியுமா என்று கணக்குப் போடுகிறான். முதலாளியே அவனுக்கு முதல் ஜாப் ஆர்டரைக் கொடுத்து அனுப்புவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இந்த ஜாப் ஆர்டர் முறைதான் கோவையின் உயிர்நாடி. ஒருவர் வார்ப்படம் ஊற்றுவார், இன்னொருவர் கடைவார், மூன்றாமவர் பெயின்ட் அடிப்பார், நான்காமவர் பூட்டுவார். ஒரு மோட்டார் பம்புசெட் முழுமையடைவதற்குள் ஏழெட்டுச் சந்துகளுக்கு டூவீலரில் போய்வந்துவிடும். ஒருவரிடம் எல்லா மெஷினும் இருக்க வேண்டியதில்லை. ஒரு மெஷினும் ஒரு கைத்திறனும் இருந்தால் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்ந்துகொள்ளலாம். வீட்டுக்கு வீடு மாவரைக்கும் வெட் கிரைண்டர் இப்படித்தான் இந்த ஊரில் பிறந்தது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதெல்லாம் எப்படி வந்தது? ஆழக் கிணறு தோண்டினால்தான் தண்ணீர் என்ற கரிசல் பூமி. அதில் விளைந்த பருத்தி. 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் பருத்தியை நூற்க மில்கள் பெருகின. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டியிருந்தது. மில் மெஷின்களைப் பழுதுபார்க்கப் பட்டறை வேண்டியிருந்தது. பழுதுபார்த்த கை, பாகங்களைத் தானே செய்யத் தொடங்கியது. ஜி.டி. நாயுடு போன்றவர்கள் கருவிகளைப் பிரித்துப் பார்த்துச் செய்ததோடு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்தார்கள். 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் கல்வி நிறுவனங்கள் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்பதைக் கல்வியின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டன. விவசாயியின் சேமிப்பு மில்லுக்குப் போனது, மில்லின் லாபம் கல்லூரிக்குப் போனது. அரசாங்கம் வந்து செய்யட்டும் என்று அந்தத் தலைமுறை காத்திருக்கவில்லை.

மதுரைக்கும் இந்த வாய்ப்பு இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888இல். மதுரையில் ஹார்வி மில்லும் அதே நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓட்டத்தைத் தொடங்கின. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களில் பஸ் ஓட்டத் தொடங்கியது மதுரையில்தான். அந்தக் குடும்ப நிறுவனத்தின் பெயரில் இன்று ஓடும் இரு சக்கர வாகனங்களோ ஓசூரில் உருவாகின்றன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை கோவையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிய ஊர். 2011இல் சுற்றுப்புறங்களையும் சேர்த்துக் கோவை 21 லட்சம், மதுரை 14 லட்சத்துக்குச் சற்று மேல். எண்பது ஆண்டுகளில் துலாக்கோல் மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

ஏன் என்று கேட்டால் என் கணிப்பு இதுதான். மதுரையின் பெரிய மில் ஒரு வெளிநாட்டு முதலாளியின் கோட்டையாக இருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருந்தது. என் அப்பாவும் ஒரு மில் தொழிலாளிதான். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். ஆனால், மில்லைச் சுற்றிச் சிறு பட்டறைகளின் காடு வளரவில்லை. மெஷின் கப்பலில் வந்தது, பழுதுபார்ப்பு மதில் சுவருக்குள்ளேயே நடந்தது. தொழில் ஊருக்குள் கசியவில்லை. மில்கள் நலிந்தபோது தொழிலாளியின் கையில் ஊர் மதிக்கும் ஒரு தனித்திறன் மிஞ்சவில்லை. அப்பா ஓய்வுபெற்று வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு கைக்கடிகாரமும் இருமலும்.

கோவையைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீட்டுக்காரம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, மாடி அறையைக் காட்டி, முன்பணம்வரை பேசி முடித்தார். கடைசியாக, "எந்த ஊருங்க நீங்க?" என்றார். மதுரை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பையன் வெளியூர்ல இருக்கானுங்க, அவனைக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார். மரியாதை கடைசி எழுத்துவரை குறையவில்லை, வீடு கிடைக்கவில்லை. அப்படி நான்கு வீடுகள். 2000களில் வந்த சினிமாக்கள் மதுரைக்காரர் என்றால் அரிவாளோடு அலைகிறவர் என்று தமிழ்நாடு முழுவதும் பரப்பி வைத்ததன் விலையை, அந்தப் படங்களை எடுத்தவர்கள் கொடுக்கவில்லை. வெளியூரில் வீடு தேடிய மதுரைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். எந்த ஊர் என்ற கேள்விக்குப் பின்னால் எந்தச் சாதி என்ற கேள்வி ஒளிந்திருப்பதும் எல்லோருக்கும் தெரியும். இன்று அதே கேள்வியைப் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளர்கள், மொழி தெரியாமலே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

1997 நவம்பர் கலவரமும், 58 உயிர்களைக் குடித்த 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் கோவையில் விட்டுச்சென்ற பிளவு முழுதாக மூடவில்லை. அமைதியான ஊர் என்று சொல்கிறவர்கள் உக்கடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். மதுரைக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டி மார்தட்டவும் முடியாது. உத்தபுரத்தில் சாதிச் சுவர் நின்றதும் இடிக்கப்பட்டதும் மதுரை மாவட்டத்தில்தான். 1939இல் வைத்தியநாத ஐயர் தலித் மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற ஊர் இது. அந்தப் பெருமைக்கு நாம் இன்னும் முழுத் தகுதி பெறவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவாணியின் சுவைக்கு ஈடில்லை. என் மகள் மதுரைக்குப் போனால் முதல் இரண்டு நாள் தண்ணீர் குடிக்க முகம் சுளிப்பாள். ஆனால், அந்தச் சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். வைகைக்கு உயிர் கொடுக்கும் முல்லைப் பெரியாறு அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில். பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வராவிட்டால் மதுரை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எதிரெதிரே நிற்பதாகச் சொல்லப்படும் இரண்டு ஊர்களும் ஒரே மலைத்தொடரிலிருந்து குடிக்கின்றன. மலை கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சொந்த ஆற்றை இரண்டும் ஒரே மாதிரி நடத்தியிருக்கின்றன: கோவையில் நொய்யல் சாக்கடை, மதுரையில் கிருதுமால் சாக்கடை. அணையில் தண்ணீர் திறந்தால்தான் வைகை ஆறு. மற்ற நாளில் மணலும் கருவேலமும். கொஞ்சம் ஆறுதலுக்கு, வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சீர்செய்து தண்ணீர் நிரப்பியதைச் சொல்லலாம். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய குளத்தில் படகு போனதைப் பார்க்க அன்று நான் மனைவி மக்களோடு மதுரைக்குப் போனேன்.

அரசாங்கங்கள் இந்த இரண்டு ஊர்களையும் எப்படிப் பார்க்கின்றன? 2025 நவம்பரில் இரண்டு ஊர்களின் மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளையும் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம்; சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் கோவைக்கு அது இருந்தது, அவர்கள் அப்படிச் சேர்க்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பை வைத்து இன்றைய நெரிசலை அளந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பிலும் ஆரப்பாளையம் பையன்கள் எந்தப் பத்தியில் எண்ணப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் உசிலம்பட்டியில், உழைப்பு ஆவாரம்பாளையத்தில். இரண்டு ஊருமே அவர்களைத் தன் மக்கள் என்று கணக்குக் காட்டுவதில்லை.

மதுரைக்கு வந்தவற்றை மறைக்கக் கூடாது. 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அருமையான கட்டடம். எந்த நாள் போனாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் துக்கமும் சேர்ந்தே வரும். படித்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் ஒரே கதவு அரசு வேலை என்பதால்தானே அத்தனை கூட்டம்? 2024 ஜனவரியில் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தார்கள். 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். மதுரை - தூத்துக்குடி தொழில் வழித்தடம் பற்றிப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இடையில் உண்மையாகவே வந்து நின்றது அரிட்டாபட்டி மலையைச் சுற்றிய டங்ஸ்டன் சுரங்க ஏலம். மேலூர் பகுதி விவசாயிகள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் அது ரத்தானது. மதுரைக்குப் பெருமை கொண்டாட அரங்கம் கிடைக்கிறது, தோண்டிக்கொள்ளச் சுரங்கம் வருகிறது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு சந்து வருவதில்லை.

கோவைக்கும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால், அந்த மனிதரின் பெயருக்கு உண்மையான மரியாதை பாலத்துக்குக் கீழே, சந்துகளில் இருக்கிறது. அந்தச் சந்துகள் இளைத்துக்கொண்டிருக்கின்றன. 2022 மின்கட்டண உயர்வுக்குப் பிறகு நிலைக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் மெஷினை விற்றவர்களை எனக்குத் தெரியும். சங்கு ஊதிய மில் மனைகளில் மாலும் அடுக்ககமும் எழும்புகின்றன. லைன் வீட்டு வாடகை ஏற ஏற, பையன்கள் ஓர் அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று நெருக்கிக்கொள்கிறார்கள். மென்பொருள் வேலைக்கு வருகிறவரைச் சரவணம்பட்டி வரவேற்கிறது, நல்லதுதான். ஆனால், ஒற்றை லேத் வைத்திருப்பவர் ஊரைவிட்டுத் தள்ளப்பட்டால், பிறகு கோவைக்கும் மற்ற ஊர்களுக்கும் குளிர்காற்றைத் தவிர வித்தியாசம் இருக்காது.

கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கோவையில் தொழிலாளர்களுக்கு, கௌரவமாகத் தங்கும் வாடகைக் குடியிருப்புகளைப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே அரசு கட்டட்டும். சிறு பட்டறைக்கும் பெரிய ஆலைக்கும் ஒரே தராசில் மின்கட்டணம் நிறுக்காமல் இருக்கட்டும். மதுரையில் கப்பலூரிலும் கே. புதூரிலும் ஏற்கெனவே சிட்கோ தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் மின்வாரியத்துக்கும் தேவைப்படும் உதிரி பாகங்களில் ஒரு பங்கை அங்குள்ள சிறு பட்டறைகளுக்குத் தொடர்ந்து பத்து வருடம் கொடுத்தால் போதும். முதல் ஆர்டர் நிச்சயம் என்றால், கோவையில் தொழில் கற்றவர்கள் தாங்களாகவே மெஷினோடு ஊர் திரும்புவார்கள். ஆளைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. தயாரித்துக் கோவை வைத்திருக்கிறது.

போன மாதம் சனிக்கிழமை இரவு பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். விரல் இடுக்குகளில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு. பதினோரு வருடமாகக் கணபதியில் லேத் வேலை. ஊரில் மனைவியும் மூன்று வயது மகளும். தாராபுரம் வரை பேசிக்கொண்டே வந்தார். கோவையில் பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறதாம், முதலாளியே பணத்துக்குப் பொறுப்பேற்கிறாராம். எங்கே போடுவது என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற கணக்கு. செல்போனில் மெஷினின் படத்தைக் காட்டினார். படுகையைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, கப்பலூர்ல போட்டா ஆர்டர் வருமாண்ணே?" என்றார்.

எனக்குத் தெரிந்த இரண்டு பேரின் நம்பரைக் கொடுத்தேன். ஒருவர் கப்பலூரிலும் மற்றவர் புதூரிலும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர் அதைக் கவனமாகச் சேமித்துக்கொண்டார். ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி மூன்றரை. முதல் டவுன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் இட்லிக் கடையை நோக்கி நடந்தோம். நடந்துகொண்டே அவர் மறுபடியும் அந்த லேத்தின் படத்தை எடுத்துப் பார்த்தார்.